ஹிப்னாஸைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரேக்கர்களின் தூக்கக் கடவுள் ஹிப்னாஸைப் பற்றிப் புதிதாக எழுத வருபவர்கள் தடுக்கி விழும் இடங்கள் மாறுவதே இல்லை. எழுத்துக்கூட்டல், கிரேக்கப் பெயரா ரோமானியப் பெயரா என்பதையெல்லாம் மெய்ப்புப் பார்ப்பவரே திருத்திவிடுவார். கட்டுரையையே சாய்த்துவிடும் பிழைகள் வேறு.

மார்ஃபியஸைத் தூக்கக் கடவுள் ஆக்குவது

எரிச்சல் மூட்டுவதில் இதற்குத்தான் முதலிடம். மார்ஃபியஸ் யாரையும் தூங்கவைப்பதில்லை. அவர் வருவது ரோமானியக் கவிஞர் ஓவிட் கி.பி. 8 வாக்கில் எழுதி முடித்த ‘மெட்டமார்ஃபசிஸ்’ காவியத்தின் 11ஆம் பகுதியில். கணவன் கடலில் மூழ்கி இறந்தது தெரியாமல் அல்சையோனி காத்திருக்கிறாள். அவளுக்குக் கனவில் உண்மையைச் சொல்லும்படி ஜூனோ தேவி, தூக்கக் கடவுள் சோம்னஸின் (ஹிப்னாஸின் ரோமானியப் பெயர்) குகைக்குத் தூதுப் பெண் ஐரிஸை அனுப்புகிறாள். சோம்னஸுக்கு ஆயிரம் பிள்ளைகள். அவர்களில் மனிதரின் நடை, குரல், உடை எல்லாவற்றையும் அச்சு அசலாகக் காட்டத் தெரிந்தவர் மார்ஃபியஸ். விலங்கு உருவம் என்றால் இக்கெலோஸ். பாறை, நீர், மரம் என்றால் ஃபான்டசோஸ். ஆக, மார்ஃபியஸின் வேலை கனவில் வேடம் கட்டுவது மட்டுமே.

இதைப் பழைய கிரேக்கக் கதைகளோடு ஒட்டும்போதுதான் சேதம் பெரிதாகிறது. கி.மு. 700 வாக்கில் ஹெசியட் பாடிய ‘தியோகனி’யில் இரவு தேவி நிக்ஸ், சாவையும் தூக்கத்தையும் கனவுக் கூட்டத்தையும் தானே பெறுகிறாள். அங்கே கனவுகள் ஹிப்னாஸின் உடன்பிறப்புகள், ஓவிடிடம் பிள்ளைகள். இரண்டையும் ஒரே வம்சவரிசையில் போட்டால் இடையிலுள்ள 700 ஆண்டுகள் காணாமல் போய்விடும். அதோடு நிற்பதில்லை. கிரேக்கக் கவிஞர் ஹோமரிடமிருந்து, ஹிப்னாஸுக்கு மனைவியாக வாக்களிக்கப்பட்ட பாசிதேயாவை எடுத்துவந்து மார்ஃபியஸுக்குத் தாயாக்கிவிடுகிறார்கள். ஹோமருக்கு மார்ஃபியஸ் என்று ஒருவரையே தெரியாது. ஓவிடோ தாய் யாரென்று சொல்லவில்லை.

வரைவு முடிந்ததும் ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் கவிஞர் பெயரையும் நூற்றாண்டையும் குறியுங்கள். குறிக்க முடியாததை அடித்துவிடுங்கள்.

‘கிரேக்கக் கும்பகர்ணன்’ என்பது

கும்பகர்ணன் தூங்குபவன், ஹிப்னாஸ் தூங்கவைப்பவர். ஹோமரின் ‘இலியட்’ 14ஆம் பகுதியில் ஹீரா தேவி லெம்னோஸ் தீவில் அவரைச் சந்தித்து, தன் கணவனும் தேவர்களின் அரசனுமான ஸீயஸைத் தூங்கவைக்கக் கேட்கிறாள். பொன் ஆசனம் தருவதாகச் சொல்லியும் அவர் மசியவில்லை. முன்பு இதே வேலையைச் செய்து மாட்டியவர். அன்று நிக்ஸிடம் அடைக்கலம் புகுந்திராவிட்டால் ஸீயஸ் அவரைக் கடலில் எறிந்திருப்பார். பாசிதேயாவை மணமுடித்துத் தருவதாக பாதாளத்தின் ஸ்டிக்ஸ் நதிமேல் சத்தியம் வாங்கிக்கொண்ட பிறகுதான் கிளம்புகிறார். ஐடா மலையில் பறவை உருவில் மரத்தில் ஒளிந்திருந்து, ஸீயஸ் கண்ணயர்ந்ததும் கடல் கடவுள் பொசைடனிடம் ஓடிச் செய்தி சொல்கிறார். பேரம் பேசத் தெரிந்த ஆள்! இமையைத் தூக்கவே திணறும் தூங்குமூஞ்சி ஓவிடின் சோம்னஸ்தான்.

எரெபஸைத் தந்தையாக்குவது

ஹெசியடின் பாடலில் ஹிப்னாஸுக்குத் தந்தையே கிடையாது. இருளின் கடவுள் எரெபஸைத் தந்தை என்பவை லத்தீன் நூல்கள்.

தனாட்டோஸையும் ஹேடீஸையும் குழப்புவது

தனாட்டோஸ் சாவு, ஹிப்னாஸின் இரட்டையர். ஹேடீஸ் செத்தவர்களின் அரசன்.

படக்குறிப்பில் சறுக்குவது

தலையில் சிறகு இருந்தால்தான் ஹிப்னாஸ் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற வெண்கலத் தலையில் நெற்றிப்பொட்டுக்கு அருகே சிறகு முளைத்திருக்கும். பழைய ஏதென்ஸ் மண்கலங்களில் சிறகு முதுகில். கி.மு. 515 வாக்கில் யூஃப்ரோனியஸ் தீட்டிய கலத்தில் ஹிப்னாஸும் தனாட்டோஸும் போர்க்கவசம் அணிந்து டிராய் போரில் இறந்த வீரன் சர்பெடோனின் உடலைத் தூக்குகிறார்கள். அந்தக் கலம் நியூயார்க்கில் இருப்பதாக இன்னும் எழுதுகிறார்கள். மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1972இல் வாங்கியதை 2008இல் இத்தாலிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டது.

கல்லறைகளில் வைக்கும் வெண்ணிற எண்ணெய்க் குடுவைகளிலும் இதே இருவர் ஒரு வீரனைத் தூக்குவார்கள். அவனையும் சர்பெடோன் என்று எழுதிவிடாதீர்கள். யூஃப்ரோனியஸ் பெயர்களைப் பொறித்திருக்கிறார். பெயரில்லாத குடுவையில், பின்னால் நடுகல் தெரிந்தால் அவன் இறந்துபோன ஏதென்ஸ் வீரன் என்று கொள்வதே சரி.