இங்கிலாந்து கவுன்சில் தேர்தல்: நம் ஓட்டு வீணாகும் இடங்கள்

இந்தியப் பாஸ்போர்ட்டோ இலங்கைப் பாஸ்போர்ட்டோ வைத்துக்கொண்டு, வேலை விசாவில் ஆக்ஸ்ஃபோர்டில் வாடகைக்கு இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்குக் கவுன்சில் டாக்ஸ், அதாவது உள்ளாட்சி மன்றத்துக்கான வரி, மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும். மே மாத முதல் வியாழக்கிழமை தெருமுனையில் வாக்குச்சாவடி திறந்தாலும், “நாம் சிட்டிசன் இல்லையே” என்று அதைத் தாண்டி வேலைக்குப் போய்விடுவார்கள். இங்கே நம்மவர்கள் செய்யும் தவறுகளில் இதைவிடப் பெரியது இல்லை.

பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் காமன்வெல்த் நாட்டவருக்கு வாக்குரிமை உண்டு. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் அதில் அடக்கம். 18 வயது நிரம்பியிருந்தால் மாணவர் விசாவோ வேலை விசாவோ, எதுவானாலும் சரி. கவுன்சில் தேர்தலில் மட்டுமல்ல, நாடாளுமன்றத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். பிரான்ஸ், ஜெர்மனி நாட்டவருக்குக்கூட அந்த இரண்டாவது உரிமை இல்லை. ஓட்டுப் போட்டால் விசாவுக்குப் பிரச்சினை வருமோ என்று தயங்க வேண்டியதில்லை. சட்டமே கொடுத்திருக்கும் உரிமை இது.

கவுன்சில் டாக்ஸ் கட்டுகிறோமே, பட்டியலில் பெயர் இருக்கும் என்று நம்பிவிடுவதும் பரவலாக நடக்கிறது. வரிப் பதிவு வேறு, வாக்காளர் பட்டியல் வேறு. அரசின் இணையதளத்தில் நாமேதான் பதிய வேண்டும். நேஷனல் இன்ஷூரன்ஸ் எண் கையில் இருந்தால் சில நிமிட வேலை. வீடு மாறினால் புது முகவரியில் மறுபடி பதிய வேண்டும். கடைசி நாள், தேர்தலுக்கு 12 வேலை நாள் முன்பு. மே மாதத் தேர்தல்தானே என்று ஏப்ரல் கடைசியில் நினைவு வந்தால் பயனில்லை, ஏப்ரல் நடுவிலேயே கதவு மூடிவிடும். பட்டியலில் பெயர் இருப்பது கிரெடிட் ஸ்கோருக்கும் உதவும். மாணவர்கள் கல்லூரி முகவரியிலும் வீட்டு முகவரியிலும் பதியலாம்; இரண்டும் வெவ்வேறு கவுன்சில் என்றால் இரண்டு உள்ளாட்சித் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். நாடாளுமன்றத் தேர்தலில் மட்டும் ஒரே இடத்தில்தான்.

பதியும்போது பெயரை எப்படி எழுதுகிறோம் என்பதில் நாம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தமிழ்ப் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒருவருக்கு அப்பா பெயர் முன்னால் இருக்கும், இன்னொருவருக்குப் பின்னால் இருக்கும், சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். வாக்குச்சாவடி அலுவலர் பட்டியலையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர். பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே பதிந்துவிட்டால் அந்த மேசையில் பேச்சுக்கே இடமில்லை. திருமணத்துக்குப் பிறகு பெயர் மாறியிருந்தால் சான்றிதழையும் எடுத்துப் போங்கள்.

2023 மே மாதத் தேர்தலில் இருந்து இங்கிலாந்தில் புகைப்பட அடையாள அட்டை இல்லாமல் நேரில் ஓட்டுப் போட முடியாது. அந்த முதல் தேர்தலிலேயே சாவடி வரை வந்த சுமார் 14,000 பேர் ஓட்டுப் போடாமல் திரும்ப நேர்ந்தது. இந்தியப் பாஸ்போர்ட், இலங்கைப் பாஸ்போர்ட் இரண்டும் செல்லும், காமன்வெல்த் பாஸ்போர்ட் என்பதால். பிரிட்டிஷ் டிரைவிங் லைசென்ஸும் செல்லும். ஆதார், இந்திய லைசென்ஸ், இலங்கை தேசிய அடையாள அட்டை, கம்பெனி அட்டை எதுவும் செல்லாது. இ-விசாவும் செல்லாது. போனில் எதைக் காட்டினாலும் ஏற்கமாட்டார்கள், அசல் அட்டைதான் வேண்டும். பழைய பிஆர்பி (விசாவோடு கொடுத்த குடியிருப்பு அட்டை) காலாவதியாகிவிட்டதே என்று கவலைப்படாதீர்கள். படத்தில் இருப்பவர் நீங்கள்தான் என்று தெரிந்தால் போதும், காலாவதியான அட்டையையும் ஏற்பார்கள். எதுவுமே இல்லாதவர்களுக்கு வாக்காளர் அடையாளச் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. தேர்தலுக்கு 6 வேலை நாள் முன்பு மாலை 5 மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டுக்கு வரும் போல் கார்டு வெறும் தகவல் அட்டை. அது தொலைந்துபோனாலும் ஓட்டுப் போடலாம். ஆனால் அதை மட்டும் கொண்டுபோனால் போதாது.

தபால் ஓட்டில் நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் சின்னக் கைப்பிழையால்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உறைக்குள் வாக்குச்சீட்டோடு ஒரு உறுதிமொழித் தாள் வரும். அதில் பிறந்த தேதியும் கையெழுத்தும் கேட்பார்கள். தேதிக் கட்டத்தைப் பார்த்ததும் கை தானாக அன்றைய தேதியை எழுதிவிடுகிறது. அவ்வளவுதான், ஓட்டு எண்ணப்படாது. கையெழுத்து, விண்ணப்பத்தில் போட்ட மாதிரியே இருக்க வேண்டும். அங்கே தமிழில் போட்டிருந்தால் இங்கேயும் தமிழில்தான். கணவன், மனைவி இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து நிரப்பும்போது தாள்கள் இடம் மாறி, அவர் உறையில் இவர் தாள் போவதும் நடக்கிறது. ஒருவர் நிரப்பி உறையை ஒட்டி முடித்த பிறகு அடுத்தவர் ஆரம்பிப்பது நல்லது. வாக்குச்சீட்டு மட்டும் ஏ உறையில். அதையும் உறுதிமொழித் தாளையும் சேர்த்து பி உறையில். தபாலில் போடத் தாமதமாகிவிட்டால் தேர்தல் நாளில் சாவடியில் நேரில் கொடுக்கலாம், ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். கவுன்சில் அலுவலகத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வராதீர்கள், அது கணக்கில் சேராது. கட்சிக்காரர் யாராவது “கொடுங்கள், நானே சேர்த்துவிடுகிறேன்” என்றால் கொடுக்கவே கூடாது.

அந்த நேரத்தில் ஊருக்குப் போகிறவர்கள் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ தபால் ஓட்டு வரவழைக்க நினைக்க வேண்டாம். வேட்பாளர் பட்டியல் முடிவான பிறகுதான் சீட்டு அச்சாகும். போய்த் திரும்ப நாள் போதாது. நம்பிக்கையான ஒருவரை ப்ராக்ஸியாக, அதாவது உங்களுக்குப் பதிலாக ஓட்டுப் போடுபவராக, நியமித்துவிட்டுப் போகலாம். அவர் தன் அட்டையைக் காட்டினால் போதும், உங்களுடையது தேவையில்லை.

யாரிடம் எதைக் கேட்பது என்ற குழப்பம் இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கே உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் சிட்டி கவுன்சில் ஒன்று, அதற்கு மேல் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் கவுன்ட்டி கவுன்சில் ஒன்று. குப்பை அள்ளுவது, கவுன்சில் வீடுகள், கட்டட அனுமதி, பூங்காக்கள் சிட்டியின் பொறுப்பு. பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு, நூலகம், சாலைகள் கவுன்ட்டியின் பொறுப்பு. கார்கள் குறுக்கே போகாமல் தெருக்களில் வைத்து, ஊரையே ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டாக்கிய போக்குவரத்துத் தடுப்புகளும், 2025-இல் வந்த 5 பவுண்டு நெரிசல் கட்டணமும் கவுன்ட்டியின் முடிவுகள். ஆனாலும் 2024 சிட்டி தேர்தலில், தடுப்புகள் மீதான கோபத்தை முன்வைத்த சுயேச்சைக் கூட்டணி சில இடங்களை வென்றது. கோபம் நியாயமா இல்லையா என்பது வேறு விஷயம். வீட்டு வாசலுக்கு வரும் சிட்டி வேட்பாளரிடம் சாலைக் குழியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, ஈரத்தில் பூசணம் பிடித்த வாடகை வீட்டைப் பற்றிக் கேட்காமல் விடுவது நமக்குத்தான் நஷ்டம். வாடகை வீடுகளின் தரத்தைக் கண்காணிப்பது சிட்டி கவுன்சில். இந்த இரண்டு அடுக்கையும் ஒன்றாக்கப்போவதாக 2024 டிசம்பரில் அரசு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. 2025-இல் சில கவுன்ட்டிகளில் தேர்தலே தள்ளிப்போனது. ஆகவே உங்கள் ஊரில் இந்த ஆண்டு எதற்குத் தேர்தல் என்று கவுன்சில் இணையதளத்தில் பார்த்துக்கொள்வது அவசியம்.

சாவடிக்குள் போனபின் சீட்டின் மேல் பகுதியைப் படியுங்கள். எத்தனை பேருக்குப் போடலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆக்ஸ்ஃபோர்டில் 24 வார்டு, 48 கவுன்சிலர். 2021-இல் எல்லா இடத்துக்கும் சேர்த்துத் தேர்தல் நடந்ததால் ஒருவருக்கு இரண்டு ஓட்டு; 2022-இல் பாதி இடங்களுக்குத்தான் என்பதால் பொதுவாக ஒன்று. நம்மவர்கள் நிறைய இருக்கும் ஹாரோ, ப்ரென்ட் போன்ற லண்டன் பகுதிகளில் ஒரே வார்டில் மூன்று பேர் வரை தேர்ந்தெடுக்கலாம். அங்கே ஒருவருக்கு மட்டும் போட்டுவிட்டு வந்தால் சீட்டு செல்லும், ஆனால் மீதி இரண்டு ஓட்டு போனது போனதுதான். சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஒரு குறி போட்டாலோ சீட்டே செல்லாது. பெயரோ கையெழுத்தோ எழுதினாலும் செல்லாது. பெருக்கல் குறி மட்டும் போதும்.

குடும்பமாகப் போனாலும் ஓட்டுப் போடும் மறைவுக்குள் தனித்தனியாகப் போக வேண்டும். மனைவிக்கோ அம்மாவுக்கோ சொல்லிக்கொடுக்கிறேன் என்று கூடவே போய் நின்று அவர்கள் ஓட்டில் தலையிடுவது, 2023-இல் வந்த வாக்குச்சீட்டு இரகசியச் சட்டப்படி குற்றம். யாருக்கு உதவி தேவையோ அவர் அலுவலரிடம் கேட்கலாம்.

இந்தத் தேர்தல்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர் வந்தாலே பெரிது என்பதால் சில இடங்களில் வித்தியாசம் மிகக் குறைவாகவே இருக்கும். 2017-இல் நார்தம்பர்லண்டின் சவுத் ப்ளைத் வார்டில் இரண்டு வேட்பாளர்கள் சமமாக ஓட்டு வாங்க, சீட்டுக் குலுக்குவதுபோலக் குச்சி எடுத்துத்தான் முடிவு செய்தார்கள். அந்தக் குச்சியில் கன்சர்வேட்டிவ் கட்சி தோற்றது. கவுன்சிலில் அந்தக் கட்சியின் பெரும்பான்மைக்கு அந்த ஒரே ஒரு இடம்தான் குறைந்தது.

சாவடி காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை. ஷிப்ட் முடிந்து ஒன்பதே முக்காலுக்கு ஓடி வந்தாலும் பரவாயில்லை. பத்து மணி அடிக்கும்போது வரிசையில் நின்றிருந்தால் உங்களுக்குச் சீட்டு கொடுத்தே ஆக வேண்டும்.