லூபஸ் சிறுநீரக பயாப்ஸி: ரிப்போர்ட் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லூபஸ் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்; அது சிறுநீரகத்தைத் தாக்கும்போது பயாப்ஸியில் பாதிப்பை 1 முதல் 6 வரை கிளாஸ்களாகப் பிரிப்பார்கள். பயாப்ஸி ரிப்போர்ட் வந்ததும் பயிற்சி மருத்துவர்களின் கண் நேராகக் கடைசி வரிக்கு ஓடுகிறது. ‘கிளாஸ் 4’ என்று கண்டால் போதும், மருந்துச் சீட்டு தயார். பயாப்ஸிக்கு முன் ரத்த அழுத்தம், ரத்த உறைதல் பார்க்க யாரும் மறப்பதில்லை; அதனால் அவற்றை இங்கே பேசவில்லை.

கிளாஸை வைத்தே மருந்தை முடிவு செய்வது

கிளாஸ் 4 என்றால் குளோமெருலஸ்களில் (ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சுகளில்) பாதியோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டுள்ளன, அவ்வளவுதான். அது இப்போது நடக்கும் அழற்சியா, ஆறிப்போன தழும்பா என்பதை அந்த எண் சொல்லாது. அதைச் சொல்பவை இரண்டு குறியீடுகள்: 24-க்கு ஆக்டிவிட்டி (இப்போதைய அழற்சி), 12-க்கு கிரானிசிட்டி (ஆறாத தழும்பு). செல் நிறைந்த பிறைகளுக்கும் (குளோமெருலஸைச் சுற்றிப் பிறை வடிவில் குவியும் செல்கள்) ஃபைப்ரினாய்டு நெக்ரோசிஸுக்கும் (ஒரு வகைத் திசு அழிவு) ஆக்டிவிட்டியில் இரட்டை மதிப்பெண் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டு நோயாளிகள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் கிளாஸ் 4, இருவருக்கும் சிறுநீரில் நாளுக்கு 2.5 கிராம் புரதம். முதலாமவருக்கு ஆக்டிவிட்டி 14, கிரானிசிட்டி 1: ஸ்டீராய்டோடு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைக்கோஃபினோலேட்டோ சைக்ளோபாஸ்பமைடோ உடனே தொடங்க வேண்டும். இரண்டாமவருக்கு ஆக்டிவிட்டி 2, கிரானிசிட்டி 8. அவருக்குப் புரதம் பெரும்பாலும் தழும்பேறிய குளோமெருலஸ் வழியாகத்தான் ஒழுகுகிறது. எவ்வளவு சைக்ளோபாஸ்பமைடு ஏற்றினாலும் தழும்பு கரையாது. மிஞ்சுவது தொற்றும், இளம்பெண்ணாக இருந்தால் சினைப்பைப் பாதிப்பும்தான். ஆனாலும் ‘புரதம் குறையவில்லை’ என்று அடுத்த சுற்றை எழுதுகிறார்கள். எரிச்சல் வருவது இங்கேதான். அவருக்கு முதலில் தேவை ரத்த அழுத்தக் கட்டுப்பாடும், புரத ஒழுக்கையும் குறைக்கும் ரத்த அழுத்த மருந்துகளான ஏசிஇ தடுப்பான் அல்லது ஏஆர்பியும். லூபஸின் அடிப்படை மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினை நிறுத்தக் கூடாது.

மறு பயாப்ஸியிலும் இதே குழப்பம். மீண்டும் கிளாஸ் 4 என்றதும் மருந்து தோற்றுவிட்டது என்கிறார்கள். ஆக்டிவிட்டி 14-லிருந்து 3-க்கு இறங்கியிருப்பது இரண்டு வரி மேலேயே இருக்கும். குறியீடுகளே இல்லாத ரிப்போர்ட் என்றால், பேத்தாலஜிஸ்டைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

எத்தனை குளோமெருலஸ் என்று பார்க்காமல் விடுவது

பயாப்ஸித் துண்டில் குறைந்தது 10 வேண்டும். ஆறே இருந்து இரண்டில் பாதிப்பு என்றால் கிளாஸ் 3 (பாதிக்கும் குறைவு). அந்த ஆறில் இன்னும் ஒன்றில் பாதிப்பு தெரிந்தால் கிளாஸ் 4. ஊசி அரை மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தால் பெயரே மாறியிருக்கும்.

கிரியேட்டினின் ஏறட்டும் என்று காத்திருப்பது

கிளாஸ் 3, 4 இருந்தும் கிரியேட்டினின் (சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் ஏறும் கழிவுப்பொருள்) இயல்பாக இருக்கலாம். நாளுக்கு 500 மில்லிகிராம் புரதம் தொடர்ந்து போனாலே பயாப்ஸியை யோசிக்க வேண்டும். கூடவே சிறுநீரில் சிவப்பணு காஸ்ட் (சிவப்பணுக்கள் அடங்கிய குழாய் வடிவ வார்ப்பு) இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. காஸ்ட் பார்க்கப் புதுச் சிறுநீர் வேண்டும். மதியம் வரை மேசையில் கிடந்த மாதிரியில் அவை சிதைந்துவிடும்.

முழுத் துண்டையும் ஃபார்மலினில் போடுவது

வேண்டாம். இம்யூனோஃப்ளோரசன்ஸுக்கு (படிந்த எதிர்ப்பொருள்களை ஒளிரவைத்துப் பார்க்கும் சோதனை) ஃபார்மலினில் போடாத தனித் துண்டு வேண்டும்.

புரதம் கொட்டினால் கிளாஸ் 5 தான் என்பது

கிளாஸ் 5 என்பது குளோமெருலஸின் வடிகட்டிச் சவ்வு தடிக்கும் வகை; அதில் புரதம் அதிகம் போகும். ஆனால் லூபஸ் போடோசைட்டோபதியிலும் (வடிகட்டியைத் தாங்கும் போடோசைட் செல்களின் பாதிப்பு) திடீரென நெஃப்ரோட்டிக் அளவுக்கு, அதாவது மிக அதிகமாக, புரதம் கொட்டும். சாதாரண நுண்ணோக்கியில் கிளாஸ் 1 அல்லது 2 போலத்தான் தெரியும். போடோசைட்டின் பாதங்கள் தட்டையாகிப் போனதை எலக்ட்ரான் நுண்ணோக்கிதான் காட்டும். பெரும்பாலும் ஸ்டீராய்டுக்கு விரைவில் அடங்கும். ‘கிளாஸ் 2, சிகிச்சை தேவையில்லை’ என்று அனுப்பிவிடாதீர்கள்.