கையடக்க விளையாட்டுக் கருவிக்காக ரவுட்டரில் ஸ்கிரிப்ட் எழுதுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலமாரியில் கிடந்த நின்டெண்டோ 3டிஎஸ்ஸைத் தூசி தட்டி எடுக்கிறவர்களை இப்போது அடிக்கடிப் பார்க்கிறேன். சிம் லிம் ஸ்குவேரிலோ கேரோசெல்லிலோ பழையதைத் தேடி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல கருவி அது. வாங்கிய கையோடு, பத்தாண்டுக்கு முன் யாரோ எழுதிவைத்த வழிகாட்டி ஒன்றைக் கண்டுபிடித்து, வீட்டு வைஃபை முகவரியைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றும் ஸ்கிரிப்ட்டை, அதாவது தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பை, ரவுட்டரில் ஏற்றிவிடுகிறார்கள். அன்று மாலையே வீட்டில் எல்லோருக்கும் இணையம் விட்டுவிட்டு வரும். ஏன் என்று யாருக்கும் புரியாது.

தவறுகளுக்குப் போகுமுன் இந்த உத்தியின் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். 2011இல் வந்த 3டிஎஸ்ஸில் ஸ்ட்ரீட்பாஸ் என்று ஒரு வசதி உண்டு. பையில் மூடி வைத்த இரண்டு கருவிகள் எம்ஆர்டியிலோ உணவங்காடியிலோ அருகருகே வந்தால் தாமாகவே தகவலைப் பரிமாறிக்கொள்ளும். எதிரே வந்தவருடைய மீ உருவம், அதாவது அவரைக் குறிக்கும் கேலிச்சித்திரப் பொம்மை, உங்கள் கருவியின் வாயிலில் வந்து நிற்கும். 2013இல் நின்டெண்டோ இதற்கு ரிலே ஒன்றைச் சேர்த்தது. குறிப்பிட்ட பொது வைஃபை இடங்களைக் கடந்து போனால், அங்கே முன்பு வந்துபோனவர்களின் தகவல் சர்வர் வழியாக உங்களுக்குக் கிடைக்கும். எந்த இடம் என்பதை அந்த வைஃபை புள்ளியின் மேக் முகவரியை, அதாவது அதன் அடையாள எண்ணை, வைத்துத்தான் சர்வர் அடையாளம் கண்டது. ரசிகர்கள் இதைக் கவனித்தார்கள். வீட்டு ரவுட்டருக்கு அந்தக் கடைகளின் வைஃபை பெயரை வைத்து, முகவரியையும் மாற்றிக்கொண்டே இருந்தால், வீட்டை விட்டு நகராமல் பல ஊர்க்காரர்களைச் சந்திக்கலாம். ஹோம்பாஸ் என்று இதற்குப் பெயர் வந்தது.

ஆக முதல் தவறு, இந்த வழி இன்னும் திறந்திருக்கிறது என்று நினைப்பது. ரிலே சேவையை நின்டெண்டோ பல ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்திவிட்டது. 2024 ஏப்ரலில் 3டிஎஸ்ஸின் ஆன்லைன் விளையாட்டுச் சேவைகளும் மூடப்பட்டன. எத்தனை முகவரி மாற்றினாலும் மறுமுனையில் பதில் சொல்ல ஆள் இல்லை. கருவிக்குக் கருவி நேரடியாக நடக்கும் ஸ்ட்ரீட்பாஸ் மட்டும் இன்றும் வேலை செய்கிறது, ஏனென்றால் அதற்குச் சர்வரே வேண்டாம். இணையம் வழியாகப் பரிமாற வேண்டுமென்றால் ரசிகர்கள் உருவாக்கிய நெட்பாஸ் இருக்கிறது. அதற்குக் கருவியில்தான் மாற்றம் செய்ய வேண்டும், ரவுட்டரைத் தொடவே வேண்டாம்.

சரி, அப்படியானால் இந்தக் கட்டுரை எதற்கு? ரவுட்டரில் ஸ்கிரிப்ட் எழுதிப் பழக விரும்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது நல்ல விஷயம். பழைய கருவிக்கென்று தனி வைஃபை அமைக்க வேண்டிய தேவையும் நிஜமாகவே இருக்கிறது. ஹோம்பாஸ் காலத்தில் செய்த அதே தவறுகளை இந்த இரண்டிலும் இன்றும் பார்க்கிறேன்.

எந்த முகவரி என்று தெரியாமல் மாற்றுவது

ரவுட்டர் ஒன்றுதான், ஆனால் அதில் மேக் முகவரிகள் பல. இணையப் பக்கம் ஓஎன்டியோடு (ஃபைபர் வந்து சேரும் பெட்டியோடு) பேசுவதற்கு ஒன்று, வீட்டுக்குள் கம்பி இணைப்புக்கு ஒன்று, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவுக்கு ஒன்று, 5 கிகாஹெர்ட்ஸுக்கு இன்னொன்று. இந்த உத்திக்குத் தேவைப்பட்டது 2.4 ரேடியோவின் முகவரி மட்டுமே. 3டிஎஸ்ஸுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் கண்ணுக்கே தெரியாது. வேறொருவர் ரவுட்டருக்கு எழுதிய ஸ்கிரிப்ட்டை அப்படியே ஒட்டினால், அதிலுள்ள இடைமுகப் பெயர் (இந்த இணைப்புகளுக்கு ரவுட்டர் வைத்திருக்கும் பெயர்) உங்கள் ரவுட்டரில் வேறொன்றைக் குறிக்கலாம். ரவுட்டரை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேருக்குப் பதிலாகப் போடும் ஓப்பன்டபிள்யூஆர்டி போன்றவற்றில் இந்தப் பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறியும் இருக்கின்றன.

இணையப் பக்க முகவரியில் கைவைத்துவிட்டால்தான் பெரிய தலைவலி. சில இணையச் சேவைகளில், முதலில் பார்த்த ரவுட்டரின் முகவரிக்கே இணைப்பு ஒதுக்கப்பட்டிருக்கும். முகவரி மாறினால், ஓஎன்டியை அணைத்துப் போடும்வரை இணையம் வராது. ஃபைபர் அறுந்துவிட்டது என்று நினைத்து வாடிக்கையாளர் சேவையை அழைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு. எந்த இடைமுகத்தில் எந்த முகவரி இருக்கிறது என்று முதலில் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு பழைய நிலைக்குத் திரும்ப அந்தத் தாள்தான் துணை.

இன்னொரு குழப்பமும் இங்கே வருகிறது. ரவுட்டரின் முகவரி மாறினால் கருவியின் முகவரி மாறிவிடாது. கைப்பேசிகள் தங்கள் முகவரியை மறைத்துக்கொள்ள மேக் முகவரியைத் தாமே மாற்றிக்கொள்கின்றனவே, அது முற்றிலும் வேறு. அது சாதனத்தின் பக்கம் நடப்பது, இது ரவுட்டரின் பக்கம்.

தவறான முகவரியைத் தேர்ந்தெடுப்பது

மேக் முகவரியில் மொத்தம் 48 பிட்டுகள். முதல் பைட்டின் கடைசி பிட் 1 ஆக இருந்தால் அது ஒரு குழுவுக்கான முகவரி. அதை ஒரு ரேடியோவுக்கு வைக்க முடியாது. தற்செயல் எண்களை உருவாக்கும் ஸ்கிரிப்ட்டுகள் பாதிக்குப் பாதி தடவை இங்கேதான் விழும், வைஃபை எழுந்திருக்கவே மறுக்கும். அதற்கு முந்தைய பிட், இது தயாரிப்பாளர் கொடுத்த முகவரியா, நாமே வைத்ததா என்று சொல்கிறது. நாமே வைப்பதற்கு அந்த பிட் 1 ஆக இருக்க வேண்டும். எளிதாக நினைவில் வைக்க ஒரு வழி: முகவரியின் இரண்டாவது குறி 2, 6, ஏ (A), ஈ (E) ஆகியவற்றில் ஒன்றாக இருக்கட்டும். 02 என்று தொடங்கினால் கவலையே இல்லை.

எங்கோ அமெரிக்கக் கடையிலிருக்கும் வைஃபை புள்ளியின் உண்மையான முகவரியை எடுத்து வைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். கைப்பேசிகள் தாம் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிக்கச் சுற்றியுள்ள வைஃபை முகவரிகளையும் பார்க்கின்றன. செயற்கைக்கோள் சிக்னல் சரியாக வராத வீட்டுக்குள், உங்கள் வரைபடமும் பக்கத்து வீட்டாரின் வரைபடமும் தவறான இடத்தைக் காட்டக்கூடும்.

கடவுச்சொல் இல்லாமல் திறந்து வைப்பது

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். ஹோம்பாஸ் வழிகாட்டிகள் கடைகளின் பெயரையே வைத்து, கடவுச்சொல் இல்லாத வைஃபையைத் திறக்கச் சொல்லின. நம் வீவக புளோக்கில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு, மேலே ஒன்று, கீழே ஒன்று. மின்தூக்கிக்குக் காத்திருப்பவரின் கைப்பேசிக்கும் உங்கள் வைஃபை எட்டும். முன்பு எங்கோ அதே பெயருள்ள பொது வைஃபையில் இணைந்திருந்தால், அந்தக் கைப்பேசி கேட்காமலே உங்கள் வீட்டில் வந்து இணைந்துகொள்ளும். அவர் எதைப் பார்த்தாலும், எதை இறக்கினாலும் அது உங்கள் இணைப்பின் பெயரில் போகும். சோதித்துப் பார்க்கத்தானே என்று பொது வைஃபையான வயர்லெஸ்@எஸ்ஜியின் பெயரை வீட்டில் வைக்க நினைப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்: வேண்டாம். மற்றவர்களின் சாதனங்களை ஏமாற்றுகிற வேலை அது.

மறுபக்கமும் உண்டு. சிங்கப்பூரில் அடுத்தவர் வைஃபையில் அனுமதியில்லாமல் இணைவது கணினி முறைகேட்டுச் சட்டத்தின்கீழ் குற்றம். 2006இல் 17 வயது மாணவர் ஒருவர்மீது அப்படி வழக்குப் பதிவாகி, அடுத்த ஆண்டு அவருக்கு 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. வழியில் போகும் பிள்ளைகளுக்கு அப்படியொரு சிக்கல் வர நம் வீட்டுத் திறந்த வைஃபை காரணமாக இருக்க வேண்டாம்.

குறிப்பிட்ட மேக் முகவரிகளை மட்டும் அனுமதிக்கும் மேக் வடிகட்டி போட்டிருக்கிறேனே, என் கருவி மட்டும்தானே நுழைய முடியும் என்று சிலர் சொல்வார்கள். தற்செயலாக வந்து இணைபவர்களை அது தடுக்கும், வேண்டுமென்றே வருகிறவரைத் தடுக்காது. கருவியின் மேக் முகவரி காற்றில் வெளிப்படையாகவே போகிறது. பார்த்து அதையே தன் கணினிக்கு வைத்துக்கொள்ள யாராலும் முடியும்.

3டிஎஸ் கடவுச்சொல்லுள்ள டபிள்யூபிஏ2 பாதுகாப்பில் நன்றாகவே இணையும். எனவே திறந்து வைக்கக் காரணமே இல்லை. அதற்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் இணையாது, இரண்டும் சேர்ந்த கலவை முறையிலும் சில ரவுட்டர்களில் தகராறு வரும். கருவிக்கென்று வைக்கும் வைஃபையில் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் மட்டும் போதும். 2004இல் வந்த முதல் டிஎஸ்ஸுக்குப் பழைய பாதுகாப்பு முறையான டபிள்யூஇபி தவிர எதுவும் தெரியாது. அதற்காக வீட்டு வைஃபை முழுவதையும் டபிள்யூஇபிக்கு இறக்குவது, கதவைப் பூட்டாமல் தூங்குவதற்குச் சமம். அதைச் சில நிமிடங்களில் உடைத்துவிடுவார்கள்.

முதன்மை ரவுட்டரிலேயே எல்லாவற்றையும் செய்வது

முகவரி மாறும் ஒவ்வொரு முறையும் அந்த ரேடியோ நின்று மறுபடி எழும். அதே ரேடியோவில் இருக்கும் எல்லோரும் துண்டிக்கப்படுவார்கள். பல ரவுட்டர்களில் வெறும் வைஃபை மறுதொடக்கக் கட்டளை கொடுத்தால் 5 கிகாஹெர்ட்ஸும் சேர்ந்தே விழும். அந்த நேரத்தில் அம்மா மீவாட்ச்சில் வசந்தம் பார்த்துக்கொண்டிருப்பார், தங்கை பள்ளிக்கூட வேலையை எஸ்எல்எஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருப்பாள், அப்பா அலுவலகக் கூட்டத்தில் இருப்பார். விளையாட்டுக் கருவி ஒன்றுக்காக இவர்கள் எல்லோரையும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கீழே தள்ளுவது நியாயமே இல்லை.

தனியாக ஒரு பழைய ரவுட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். இணையச் சேவை நிறுவனம் கொடுத்ததில் ஃபர்ம்வேரை மாற்றாதீர்கள், ஓஎன்டியைத் தொடவே தொடாதீர்கள். வாங்குவதற்கு முன், அந்த மாடல் மட்டுமல்ல, அதன் வன்பொருள் பதிப்பும் ஓப்பன்டபிள்யூஆர்டி அல்லது டிடி-டபிள்யூஆர்டி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே மாடல் பெயரில் உள்ளே வேறு வேறு சிப்போடு விற்பது சகஜம். ஒட்டியிருக்கும் லேபிளைப் படமெடுத்து அனுப்பும்படி விற்பவரிடம் கேட்டாலே போதும்.

இரண்டாவது ரவுட்டரை முதலாவதன் பின்னால் செருகியதும் அது தனித்துவிட்டது என்று பலரும் நம்புகிறார்கள். அது பாதிதான் உண்மை. வெளி ரவுட்டரில் இருப்பவர்களால் உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது. ஆனால் உள்ளே இருப்பவரால் வெளி ரவுட்டரில் உள்ள கணினி, பிரிண்டர், கேமரா எல்லாவற்றையும் எட்ட முடியும், ஏனென்றால் அவருக்கு அது இணையத்துக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. பழைய கருவிகளை வைப்பது உள் ரவுட்டரில்தான், ஆக ஆபத்து இருக்கும் பக்கமே திறந்திருக்கிறது. உள் ரவுட்டரின் ஃபயர்வாலில் வீட்டு நெட்வொர்க்கின் முகவரிகளுக்குப் போகும் எல்லாவற்றையும் மறுக்க ஒரு விதி எழுதுங்கள். அப்புறம், இரண்டும் 192.168.1 என்ற ஒரே ஐபி முகவரி வரிசையைப் பயன்படுத்தினால் எதுவும் வேலை செய்யாது, உள்ளதை 192.168.50 என்பதுபோல மாற்றிவிடுங்கள்.

வைக்கும் இடம் பற்றி ஒரே வார்த்தை: வீட்டுப் பாதுகாப்பறைக்குள் வைக்காதீர்கள். அந்தக் கான்கிரீட்டும் இரும்புக் கதவும் சிக்னலை விழுங்கிவிடும்.

மாற்றத்தை ஒவ்வொரு முறையும் ஃபிளாஷில் எழுதுவது

ரவுட்டரின் அமைப்புகள் ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கின்றன. அதன் ஒரு பகுதியை அழித்து எழுத ஓர் எல்லை உண்டு. பழைய ரவுட்டர்களில் இருக்கும் நார் வகை ஃபிளாஷுக்குப் பொதுவாக 1,00,000 முறை என்பார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை முகவரியை மாற்றி, ஒவ்வொரு முறையும் அதை ஃபிளாஷில் சேமிக்கும் என்விராம் கமிட் கட்டளையையும் ஸ்கிரிப்ட்டில் வைத்தால் நாளுக்கு 720 எழுத்து. ஐந்து மாதத்துக்குள் அந்த எல்லையைத் தொட்டுவிடுவீர்கள். ரவுட்டர் திடீரென்று அமைப்புகளை மறந்துபோகும், ஒருநாள் எழுந்திருக்காது. டிடி-டபிள்யூஆர்டியில் கமிட் செய்யாமல் மாற்றினால் அது நினைவகத்தில் மட்டும் இருக்கும், அணைத்துப் போட்டால் பழைய நிலை திரும்பிவிடும். நமக்கு வேண்டியதும் அதுதான். பதிவுக்கோப்பு எழுதுவதானால் டிஎம்பி கோப்புறையில் எழுதுங்கள். அது ராமில் இருக்கிறது.

இவ்வளவு வேகமாக மாற்றவே தேவையில்லை என்பதையும் யாரும் யோசிக்கவில்லை. ரிலே இருந்த காலத்திலும் ஒரே முகவரியில் மறுபடி பரிமாற 8 மணி நேரம் ஆக வேண்டும். ஒரு முகவரியில் 6 பேர்வரை கிடைப்பார்கள். மீ உருவங்கள் கூடும் மீ பிளாசாவின் வாயிலில் தொடக்கத்தில் 10 பேருக்குத்தான் இடம் இருந்தது. ஆக அப்போது இரண்டே முகவரிகளில் வாயில் நிரம்பிவிடும். கருவியைத் திறந்து அவர்களை உள்ளே அழைக்கும்வரை மீதி மாற்றமெல்லாம் வீண். இரவெல்லாம் 240 முகவரிகளைச் சுழற்றிய ஸ்கிரிப்ட்டைவிட, காலையில் கையால் தட்டி இயக்கும் ஸ்கிரிப்ட் நல்லது. எந்தத் தானியங்கி வேலைக்கும் கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் வசதியில்) நேரம் குறிக்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

வைஃபை வழியாகவே சோதிப்பது

வைஃபையை மாற்றும் ஸ்கிரிப்ட்டை வைஃபையில் இணைந்த மடிக்கணினியிலிருந்து சோதிக்காதீர்கள். முதல் வரி ஓடியதும் நீங்கள் வெளியே, ஸ்கிரிப்ட் பாதியில். கம்பி போட்டு இணையுங்கள். கையால் பலமுறை ஓட்டி, பழைய நிலைக்குத் திரும்பும் கட்டளையையும் சோதித்த பிறகுதான் கிரானில் சேர்க்க வேண்டும். ரவுட்டர் தொடங்கும்போதே ஓடும்படி முதல் நாளே வைத்துவிட்டால், பிழையுள்ள ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் உங்களை வெளியே தள்ளும். ஓப்பன்டபிள்யூஆர்டியில், இப்படி மாட்டிக்கொண்டால் உள்ளே போய்ச் சரிசெய்ய ஃபெயில்சேஃப் முறை இருக்கிறது. உங்கள் மாடலில் எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்பதை முன்பே படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். இணையம் போன பிறகு தேடினால் கைப்பேசி டேட்டாதான் கரையும்.

நாட்டுக் குறியீட்டைச் சிங்கப்பூர் என்றே வையுங்கள். சிக்னல் கூடும் என்று வேறு நாட்டைத் தேர்ந்தெடுப்பது இங்குள்ள அலைவரிசை விதிகளை மீறுவது. அதனால் பெரிய பலனும் இல்லை, கருவியின் சின்ன ஆன்டெனா திருப்பிப் பேசும் தூரம் மாறாதே. சேனல் 1, 6, 11 ஆகிய மூன்றில் நெரிசல் குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பழைய கருவிகள் பி, ஜி என்ற பழைய வைஃபை முறைகளில்தான் பேசும் என்பதால் புதிய முறை மட்டும் என்ற அமைப்பை நீக்கிவிடுங்கள். கடவுச்சொல் சரியாக இருந்தும் வைஃபை பெயரே தெரியவில்லை என்பவர்களின் வீட்டில் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கிறது.