மோட்டார் சைக்கிளுக்குப் பொருத்தமான மாற்று பேட்டரியைத் தேர்ந்தெடுத்தல்

செல்ஃப் ஸ்டார்ட் இழுக்கவில்லை என்றவுடன் புதிய பேட்டரி வாங்கிவிடக் கூடாது. இரவு முழுவதும் நின்ற வண்டியில் பேட்டரி முனைகளின் மின்னழுத்தம் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்து, ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால், பெரும்பாலும் பேட்டரிதான் தளர்ந்திருக்கிறது. எஞ்சின் ஓடும்போது ஆக்சிலரேட்டரைச் சற்று முறுக்கினால் அளவு ஏறத்தாழ 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். அப்படி ஏறாவிட்டாலோ 15 வோல்ட்டைத் தாண்டினாலோ சார்ஜிங் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் மேக்னட் காயிலையும் சரிபார்க்காமல் போடும் புது பேட்டரியும் விரைவில் கெடும்.

பேட்டரிதான் காரணம் என்று உறுதியானால், பழையதைக் கழற்றிக் கடைக்கே கொண்டு செல்வது நல்லது. ஏனெனில், ஆம்பியர்-ஹவர் அளவை (பேட்டரி சேமிக்கும் மின்சாரத்தின் அளவு) மட்டும் சொல்லி வாங்குபவர்கள் தவறவிடுவது பெட்டியின் அளவையும் முனைகளின் இடத்தையும்தான். பரவலாகக் கிடைக்கும் ஒய்டிஎக்ஸ்4எல், 5எல், 7எல் ஆகிய மூன்று பேட்டரி மாடல்களுக்கும் நீளம் சுமார் 114 மில்லிமீட்டர், அகலம் சுமார் 71 மில்லிமீட்டர். உயரம் மட்டும் முறையே 86, 106, 131 மில்லிமீட்டர் என மாறுகிறது. ஆகவே 5எல் இருந்த இடத்தில் 7எல் உட்கார்ந்தாலும் சீட் மூடாமல் போகலாம். இந்தக் குறியீடுகளில் எண்ணை அடுத்து வரும் ‘எல்’ என்ற எழுத்து, முனைகள் நம் பக்கம் இருக்கும்படி வைத்துப் பார்த்தால் நேர்முனை வலப்புறம் இருப்பதைக் காட்டும். நேர்முனை மறுபுறம் இருக்கும் பேட்டரியை வாங்கி, எட்டாத வயரை இழுத்துக் கட்டுவது சில மெக்கானிக்குகளின் வழக்கம். அதை அனுமதிக்கவே கூடாது, உரசிய வயர் வண்டியின் இரும்புச் சட்டத்தில் பட்டால் தீப்பிடிக்கலாம்.

திறனைப் பொறுத்தவரை, கையேட்டில் உள்ள அளவே சரி. கிக்கர் மட்டும் உள்ள பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றுக்கு 2.5 ஆம்பியர்-ஹவர் போதுமானதாக இருந்தது. அதே பேட்டரியை விலை குறைவு என்று செல்ஃப் ஸ்டார்ட் வண்டியில் போட்டால் சீக்கிரம் தளரும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோல் பம்பும் கட்டுப்பாட்டுக் கணினியும் மின்சாரத்தில் இயங்குவதால், பேட்டரி முற்றிலும் இறங்கிவிட்டால் கிக்கர் இருந்தாலும் பயன்படாமல் போகலாம்.

ஆசிட் ஊற்றும் வகைக்கு ஆவிக்குழாய் செல்ல இடம் வேண்டும். அது நிமிர்ந்தே இருக்கவும் வேண்டும். மூடிய வகையில் தண்ணீர் சேர்க்கும் வேலை இல்லை என்பதால் நான் அதையே விரும்புவேன். லித்தியம் பேட்டரி எடை குறைவுதான், ஆனால் அதன் தயாரிப்பாளர் குறிப்பிடும் உச்ச மின்னழுத்தத்துக்குள் வண்டியின் சார்ஜிங் நிற்கிறதா என்று அளந்த பிறகே அதை நினைக்க வேண்டும்.

கடையில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். அலமாரியில் நெடுநாள் இருந்தது தானாகவே சார்ஜ் இழந்திருக்கும். ஆசிட்டைப் புதிதாக ஊற்றித் தருவதானால், அரை மணி நேரம் ஊறவிட்டு, திறனில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் முதல் சார்ஜ் கொடுக்கச் சொல்லுங்கள், 5 ஆம்பியர்-ஹவருக்கு அது அரை ஆம்பியர். பழையதைக் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். கழற்றும்போது எதிர்முனையை முதலில் எடுக்க வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் இணைக்க வேண்டும்.