முதற்பிரசவத்தின் இறுதி வாரங்கள்: தாயும் தகப்பனும் தயாராகும் முறை

முதற்பிள்ளையை எதிர்பார்த்திருக்கும் தம்பதியர் 36ஆம் வாரத்திலிருந்து என்னென்ன செய்ய வேண்டும் என்பதைக் கொழும்பு நிலைமைக்கு ஏற்ப இங்கே எழுதுகிறேன். கிளினிக்கில் வைத்தியரோ குடும்பநல உத்தியோகத்தரோ உங்களுக்கென்று தனியாக ஏதேனும் சொல்லியிருந்தால், அதையே பின்பற்றுங்கள்.

படி 1: திகதியைப் புரிந்துகொள்ளுதல்

அட்டையில் உள்ள பிரசவத் திகதி, கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 40 வாரங்களைக் கணக்கிட்டுப் பெறப்படுவது. 37 வாரங்கள் நிறைந்தபின் எந்நாளும் வலி வரலாம். இவ்வாரங்களில் பிள்ளையின் உடலில் கொழுப்புச் சேர்கிறது. பெரும்பாலும் தலை கீழ்நோக்கித் திரும்பியிருக்கும். தலை இடுப்புக்குள் இறங்கினால் தாய்க்கு மூச்சு இலகுவாகும், ஆனால் சிறுநீர் அடிக்கடி வரும்.

படி 2: அசைவைக் கவனித்தல்

இவ்வாரங்களில் செய்ய வேண்டியவற்றுள் இதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். "மாதம் நிறைந்துவிட்டது, இடமில்லாததால் பிள்ளை அசைவதில்லை" என்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடு ஆறுதல் சொல்வதுண்டு, அது சரியன்று. உதைப்பது புரள்வதாக மாறலாமே தவிர, அசைவு குறையக் கூடாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இடப்பக்கமாகச் சரிந்து படுத்து, வயிற்றில் கையை வைத்து, ஒவ்வோர் உதையையும் புரளலையும் அட்டையில் கோடிட்டுக் குறியுங்கள். ஒரே சீராகத் துடிக்கும் விக்கலைச் சேர்க்க வேண்டாம். 2 மணி நேரத்தில் 10 அசைவுகளை உணராவிட்டால், அல்லது வழக்கத்தைவிடக் குறைந்துவிட்டதாக உங்கள் மனதுக்குப் பட்டாலே, விடியும்வரை காத்திராமல் அப்போதே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். "சும்மா வந்துவிட்டோமோ" என்ற கூச்சம் வேண்டாம்.

படி 3: பையும் பயணமும்

கிளினிக் அட்டை, பரிசோதனை அறிக்கைகள், அடையாள அட்டை ஆகியவற்றை மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் உறையில் இட்டு, பையின் மேற்புறத்தில் வையுங்கள். மற்றப் பொருட்களுக்கு வைத்தியசாலை தரும் பட்டியலே போதும். வெள்ளவத்தையிலிருந்து கொழும்பு 8இல் உள்ள டி சொய்சா அல்லது காசல் வீதி மகப்பேற்று வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டியவர்கள், அலுவலகம் விடும் நேரத்தில் காலி வீதி எப்படியிருக்கும் என்பதை நினைத்து முன்கூட்டியே திட்டமிட வேண்டும். நம்பகமான முச்சக்கர வண்டிக்காரர் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். அவசரமென்றால் 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணமில்லை.

படி 4: எப்போது புறப்படுவது

ஒழுங்கின்றி வந்து, நடந்தாலோ படுத்தாலோ தணிந்துவிடும் வலி பொய்வலியாக இருக்கலாம். ஏறத்தாழ 5 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் அளவுக்கு நீடித்து, வர வரக் கூடினால் புறப்படுங்கள். பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் செல்ல வேண்டும். நீர் பச்சையாகவோ மண்ணிறமாகவோ இருந்தால் ஒரு கணமும் தாமதிக்கக் கூடாது. இரத்தப்போக்கு, கடுந்தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி, திடீரென முகம் வீங்குதல் ஆகியனவும் அவ்வாறே; இவற்றுள் சில உயர் இரத்த அழுத்தத்தின் அறிகுறிகள்.

படி 5: தகப்பன் செய்ய வேண்டியவை

வலியின் இடைவெளியை மணிக்கூடு பார்த்து எழுதுவது உங்கள் வேலை. வலியில் இருப்பவரால் அதைச் செய்ய முடியாது. பிரசவ அறைக்குள் துணைக்கு யாரை அனுமதிப்பார்கள் என்பது வைத்தியசாலைக்கு வைத்தியசாலை வேறுபடுவதால், கிளினிக்குக்குப் போகும்போதே கேட்டு வையுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடோ கல்சியம் மாத்திரையோடோ சேர்த்துக் கொடுக்காதீர்கள். உடல் அதை உறிஞ்சுவது குறைந்துவிடும். பிறந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்க வேண்டும். சீனித்தண்ணீரோ தேனோ தொட்டு வைக்க உறவினர் முன்வந்தால், தாயைச் சொல்ல விடாமல் நீங்களே பணிவாக மறுத்துவிடுங்கள்.