எல்டிஸ்பைஸில் வீன் பிரிட்ஜ் ஆஸிலேட்டர்: நேர்கோட்டிலிருந்து சைன் அலை வரை

சர்க்யூட்டைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் மென்பொருள் எல்டிஸ்பைஸ். அதில் ஆஸிலேட்டரை, அதாவது தானாக அலையை உருவாக்கும் சர்க்யூட்டை, வரைந்து ரன் கொடுத்ததும் பல நேரம் திரையில் வருவது வெறும் நேர்கோடு. உடனே மதிப்புகளை மாற்றத் தொடங்காதீர்கள். நேரத்தோடு வோல்டேஜ் மாறுவதைக் காட்டும் டிரான்சியன்ட் ஓட்டத்துக்கு முன் மென்பொருள் டிசி நிலையை, அதாவது அலையில்லாத அமைதி நிலையை, கணக்கிட்டு, அங்கிருந்துதான் கிளம்புகிறது. நிஜ போர்டில் வெப்ப இரைச்சலே அலையைத் தட்டி எழுப்பிவிடும். இந்த ஓட்டத்தில் அந்த இரைச்சல் கிடையாது. தள்ள ஆளில்லாததால் சர்க்யூட் அசையாமல் நிற்கிறது.

முதலில் சர்க்யூட். ஆப்-ஆம்ப் (பிளஸ், மைனஸ் பின்களின் வோல்டேஜ் வித்தியாசத்தைப் பெருக்கும் சிப்) எல்டி1001, சப்ளை ±15 வோல்ட். அவுட்புட்டிலிருந்து 10 கிலோ ஓம், 10 நானோ ஃபாரட் இரண்டும் தொடராக பிளஸ் பின்னுக்கு. அங்கிருந்து கிரவுண்டுக்கு அதே மதிப்புகள் இணையாக. இந்த இரண்டும்தான் வீன் பகுதி. மைனஸ் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம். அவுட்புட்டிலிருந்து மைனஸ் பின்னுக்கு 18 கிலோ ஓமும் 4.7 கிலோ ஓமும் தொடராக. அந்த 4.7-க்குக் குறுக்கே எதிரெதிராக இரண்டு 1என்4148 டையோடுகள். டையோடு மாடலைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுங்கள். பொது டையோடை அப்படியே விட்டால் அலையின் உயரம் மாறிவிடும். இந்த ஆப்-ஆம்ப் குறியில் மைனஸ் பின் மேலே இருக்கும். அவசரத்தில் மாற்றி இணைத்தால் அவுட்புட் சப்ளை வோல்டேஜுக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இந்தச் சர்க்யூட்டின் உயிர் கெயினில், அதாவது எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதில், இருக்கிறது. அலை நிலைத்து நிற்கச் சரியாக 3 வேண்டும். டையோடுகள் உறங்கும்போது கெயின் 3.27, அதனால் அலை வளர்கிறது. உயரம் கூடி டையோடுகள் கடத்தத் தொடங்கியதும் கெயின் 2.8-ஐ நோக்கி இறங்குகிறது. நடுவே 3-இல் அலை நிலைபெறுகிறது. 1939-இல், பின்னாளில் ஹெச்பி என்று அறியப்பட்ட நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான வில்லியம் ஹியூலெட் இதே வேலையை ஒரு சிறு மின்விளக்கின் இழையிடம் ஒப்படைத்தார். சூடாக ஆக இழையின் மின்தடை ஏறி, கெயினைக் கட்டுப்படுத்தும்.

இப்போது ஓட்டம். டிரான்சியன்ட் பக்கத்தில் ஸ்டாப் டைம் 50 மில்லி செகண்டு, மேக்ஸிமம் டைம்ஸ்டெப் 5 மைக்ரோ செகண்டு. ஒரு சுற்றுக்கு 628 மைக்ரோ செகண்டு ஆவதால், சுற்றுக்கு நூறு புள்ளிக்கு மேல் கிடைக்கும். டைம்ஸ்டெப் கட்டத்தைக் காலியாக விட்டால் அலை முனை முனையாகத் தெரியலாம்.

தள்ளிவிட இரண்டு வழி. சப்ளையைச் சுழியிலிருந்து ஏற்றும் ஸ்டார்ட்அப் தேர்வு ஒன்று. ஆனால் பிளஸ், மைனஸ் சப்ளை சமமாக ஏறும் சர்க்யூட்டில் அந்தத் தள்ளல் போதாமல் போகலாம். அதனால் தொடக்க நிலையைக் குறிக்கும் ஐசி கட்டளையால் பிளஸ் பின் நோடுக்கு (இணைப்புப் புள்ளிக்கு) 10 மில்லி வோல்ட் தொடக்க மதிப்பு கொடுப்பதே மேல். முதல் 10 மில்லி செகண்டுக்குள் அலை வளர்ந்து நிலைக்க வேண்டும்.

தொடக்க மதிப்பைச் சிறிதாகவே வையுங்கள், இது முக்கியம். டையோடுகளை எடுத்துவிட்டு, அவுட்புட்டிலிருந்து மைனஸ் பின்னுக்குப் போகும் ஃபீட்பேக் மின்தடையை மொத்தம் 19.5 கிலோ ஓம் ஆக்கினால் கெயின் 2.95. இதற்கு 5 வோல்ட் கொடுத்து 5 மில்லி செகண்டு மட்டும் ஓட்டினால் எட்டு அழகான சுற்றுகள் தெரியும், ஆஸிலேட்டர் வேலை செய்கிறது என்றே தோன்றும். உண்மையில் ஒவ்வொரு 4 மில்லி செகண்டுக்கும் உயரம் 37 சதவீதமாகச் சுருங்கி அது செத்துக்கொண்டிருக்கிறது. பார்க்க வேண்டியது அலை இருக்கிறதா என்பதை அல்ல, வளர்கிறதா தேய்கிறதா என்பதை.

அலையின் தலை தட்டையாக வெட்டுப்பட்டால் கெயினை டையோடுகள் அடக்கவில்லை. அவற்றின் திசையைப் பாருங்கள். செட்டிங்ஸில் (பழைய பதிப்புகளில் கன்ட்ரோல் பேனல்) இன்டக்ரேஷன் முறை, அதாவது மென்பொருள் படிப்படியாகக் கணக்கிடும் முறை, கியர் என்றிருந்தால் டிராப்பசாய்டலுக்கு மாற்றுங்கள். கியர் முறை கணக்கிலேயே அலையைத் தணிக்கும். கிரிஸ்டல் ஆஸிலேட்டரில் இது அலையையே விழுங்கிவிடலாம். மதிப்பில் எம் எழுத்து, பெரியதோ சிறியதோ, மில்லிதான். மெகாவுக்கு மெக் என்று முழுதாக எழுத வேண்டும்.

அதிர்வெண்ணை அளக்க, நிலைபெற்ற பகுதியில் பத்துச் சுற்று இடைவெளியில் இரண்டு கர்சர்களை வைத்து, காட்டும் அதிர்வெண்ணைப் பத்தால் பெருக்குங்கள். 1.59 கிலோ ஹெர்ட்ஸுக்கு அருகில் வர வேண்டும். அலையை அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும் எஃப்எஃப்டி பார்ப்பதானால், தரவுச் சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் பிளாட்வின்சைஸை 0 ஆக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இல்லாவிட்டால் தரவுச் சுருக்கத்தின் குப்பை ஸ்பெக்ட்ரத்தில் ஏறும்.

வீன் பகுதியை 1 கிலோ ஓம், 1 நானோ ஃபாரட் ஆக்கி 159 கிலோ ஹெர்ட்ஸுக்குப் போகாதீர்கள், இந்த ஆப்-ஆம்ப்போடு. அதன் ஸ்லூ ரேட், அதாவது அவுட்புட் மாறக்கூடிய உச்ச வேகம், மைக்ரோ செகண்டுக்கு 0.25 வோல்ட்தான், அலை முக்கோணமாகும், அதிர்வெண்ணும் நன்றாகக் குறையும். வேகமான ஆப்-ஆம்ப்பை வைத்து, டைம்ஸ்டெப்பை 50 நானோ செகண்டுக்கு இறக்கி ஓட்டுங்கள்.