டெக்சாஸில் முதல் பன்றி வேட்டை: லைசென்ஸில் தொடங்கி ஐஸ் பெட்டி வரை

டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் இருக்கும் நம்மாட்கள் பலருக்கு இது இப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஆபீஸில் கூட வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர் ஒருவர், மாமனார் ரான்ச்சில், அதாவது கால்நடைப் பண்ணையில், பன்றித் தொல்லை தாங்கவில்லை, வருகிறாயா என்று கேட்பார். நம்மாளும் தலையை ஆட்டிவிட்டு, அன்று ராத்திரி முழுக்க ஹெலிகாப்டரில் இருந்து பன்றி சுடும் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஹெலிகாப்டர் வேட்டை 2011-இல் வந்த சட்டத்தின்படி அங்கே அனுமதிக்கப்பட்டதுதான், அது இருக்கட்டும். முதல் தடவை போகிறவருக்கு என் யோசனை ஒன்றுதான்: சமைத்தால் ருசியாக இருக்கும் அளவில் ஒரு பன்றி, சட்டச் சிக்கல் இல்லாமல், கறி கெடாமல் வீடு வந்து சேர வேண்டும். கோரைப்பல் நீட்டிய பெரிய ஆண் பன்றியோடு போட்டோ எடுக்கும் ஆசையை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே பன்றி ஏன் இவ்வளவு மலிந்து கிடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1500-களில் ஸ்பானியர்கள் கொண்டுவந்த வளர்ப்புப் பன்றிகள் தப்பிக் காட்டில் பெருகின. 1930-கள் வாக்கில் வேட்டைக்காகவே ஐரோப்பியக் காட்டுப்பன்றியை இறக்கிவிட்டார்கள். இரண்டும் கலந்து பெருகி, இன்று மாநிலத்தில் 20 லட்சத்துக்கும் மேல் இருக்கும் என்பது கணக்கு. விதைத்த வயலை ஒரே ராத்திரியில் டிராக்டர் ஓட்டியதுபோல் கிளறிப் போட்டுவிடும். அதனால்தான் சீசன் கிடையாது, இத்தனைதான் சுடலாம் என்ற வரம்பு கிடையாது, தனியார் நிலத்தில் ராத்திரியில் விளக்குப் போட்டும் சுடலாம். இதையெல்லாம் படித்துவிட்டு ஊருக்கு வந்து பரீட்சை பண்ணிப் பார்க்க வேண்டாம், இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றி வேட்டை குற்றம்.

இப்போது எல்லாரும் கோட்டை விடும் இடம். 2019 செப்டம்பர் 1 முதல் தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதியோடு பன்றி சுட டெக்சாஸில் வேட்டை லைசென்ஸ் தேவையில்லை. உங்கள் நண்பரும் அதையே சொல்வார், அவருக்கு அது சரி. நீங்கள் ஹெச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக வேலை, படிப்பு விசாவில் இருந்தால் கதை வேறு. அந்த மாதிரி விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க ஃபெடரல் சட்டம் தடுக்கிறது. அதில் இருக்கும் விலக்குகளில் நமக்குப் பொருந்துவது, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது. அதாவது பன்றிக்காக மாநிலம் கேட்காத லைசென்ஸை, துப்பாக்கியைத் தொடுவதற்காக நீங்கள் வாங்கியாக வேண்டும். துப்பாக்கி என்னுடையது இல்லையே, ரான்ச்சில் இரவல் கொடுத்தார்கள் என்ற சமாதானத்தை நம்பி இறங்காதீர்கள். மாட்டினால் அது ஃபெடரல் வழக்கு, விசாவுக்கும் கிரீன் கார்டுக்கும் சேர்த்து வேட்டு. ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து டெக்சாஸில் வசிப்பவருக்கான சாதாரண லைசென்ஸ் 25 டாலர்தான். ஆகஸ்ட் 31-உடன் அது காலாவதியாகிவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம், ஜூலையில் வாங்கியதை நம்பி அக்டோபரில் கிளம்பிவிடக் கூடாது. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இந்தத் தடை கிடையாது. உங்கள் நிலைமையில் கொஞ்சம் குழப்பம் இருந்தாலும் குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அந்தக் கட்டணம் வீண்செலவு இல்லை.

அப்படியே ஹன்டர் எஜுகேஷன் என்ற வேட்டைப் பயிற்சி கோர்ஸையும் முடித்துவிடுங்கள். 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு டெக்சாஸ் வைத்திருக்கும் விதி அது. பெரியவர்கள் ஆன்லைனிலேயே முடிக்கலாம். சர்ட்டிஃபிகேட் ஒருபக்கம் இருக்கட்டும், துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு கம்பிவேலி தாண்டுவது எப்படி, வண்டியில் எப்படி வைப்பது என்பதையெல்லாம் யாராவது முறையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், சினிமாவில் அது வராது.

இடம். நண்பரின் ரான்ச் என்றால் நல்லது, ஆனால் அனுமதியை நில உரிமையாளரிடம் நேராகவே வாங்குங்கள், ஒரு மெசேஜாகவாவது எழுத்தில் இருக்கட்டும். வேலியோரம் மரத்திலோ கம்பத்திலோ ஊதா நிறத்தில் நெட்டுக்குத்தாகப் பெயிண்ட் அடித்திருந்தால் உள்ளே வராதே என்று அர்த்தம், போர்டு எதுவும் இருக்காது. சுட்ட பன்றி ஓடிப்போய் அந்த வேலிக்கு அப்புறம் விழுந்தாலும் அந்தப் பக்கத்துக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் காசு வாங்கிக்கொண்டு கூட்டிப்போகும் ரான்ச்கள் ஏராளம். அவர்களிடம் போனில் இதையெல்லாம் கேளுங்கள்: ரைஃபிள் அவர்களே தருவார்களா, பெரிய பன்றிக்குத் தனிக் காசா, தோலுரிக்க இடமும் குளிர் அறையும் உண்டா, தெர்மல் ஸ்கோப்புக்கு (உடல் சூட்டை வைத்து இருட்டிலும் காட்டும் குறிநோக்கி) வாடகை எவ்வளவு, ஒன்றுமே வராவிட்டால் என்ன. கட்டாயம் கிடைக்கும் என்று சத்தியம் செய்கிறவர் பெரும்பாலும் உயர வேலி போட்டு அடைத்துவைத்திருப்பார், அது எனக்குப் பிடிப்பதில்லை. பொது நிலத்திலும் வேட்டையாடலாம், ஆனால் அங்கே லைசென்ஸ், தனிப் பர்மிட், ஆரஞ்சு உடை என்று விதிகள் கூடும், கூட்டமும் கூடும். முதல் தடவைக்கு வேண்டாம்.

மாதம் என்று பார்த்தால் டிசம்பர் முதல் மார்ச் வரை நல்லது. குளிருக்குப் பன்றி பகலிலும் நடமாடும், பாம்பும் உண்ணியும் குறைவு, கறியும் சீக்கிரம் கெடாது. ஆகஸ்ட் வெயிலில் அது பகல் முழுக்கச் சேற்றில் கிடந்துவிட்டு ராத்திரியில்தான் கிளம்பும், நீங்களும் அதற்கேற்ப முழிக்க வேண்டியதுதான்.

முதல் வேட்டைக்கு பிளைண்டில் உட்காருவதுதான் சரி. பிளைண்ட் என்பது பெட்டி மாதிரி ஒரு மறைவிடம், எதிரே எழுபது எண்பது கஜத்தில் மக்காச்சோளம் தூவும் ஃபீடர் நிற்கும். சாயங்காலம் குறித்த நேரத்தில் அதன் மோட்டார் 'விர்ர்' என்று சுற்றிச் சோளத்தை இறைக்கும். முதலில் குருவிகள், அப்புறம் மான், ரக்கூன். திடீரென்று மான்கள் தலையைத் தூக்கி ஒரே பக்கமாகப் பார்த்துவிட்டு விலகிப்போனால் பன்றி வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம், பல நேரம் புதருக்குள் உறுமலும் குட்டிகளின் கீச்சும் முதலில் கேட்டுவிடும். பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு படு கூர்மை. அதனால் காற்று ஃபீடர் பக்கமிருந்து உங்கள் முகத்துக்கு வரும்படியான பிளைண்டாகப் பார்த்துக் கேளுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து அடித்தால் எந்த ஸ்ப்ரே அடித்தாலும் பிரயோஜனம் இல்லை. வேட்டைச் சட்டையைச் சமையலறைப் பக்கம் மாட்டாதீர்கள், நம் வீட்டுத் தாளிப்பு வாசனை அரை மைலுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துவிடும்.

ரைஃபிள் விஷயத்தில் ஆளாளுக்கு ஒரு கட்சி. தோட்டா வகையில் .308, 6.5 கிரீட்மோர், .243 எதுவானாலும் போதும், பெரிய தோட்டாவைவிடப் பழகிய தோட்டா மேல். போவதற்கு முன் துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சில் 100 கஜத்தில் சுட்டுப் பழகுங்கள், அதுவும் வேட்டையில் எப்படி உட்காருவீர்களோ அதே மாதிரி உட்கார்ந்து. எங்கே அடிப்பது என்பதுதான் முக்கியம். மான் வேட்டைப் பழக்கத்தில் தோளுக்குப் பின்னால் உடம்பின் நடுவில் குறிவைப்பார்கள். பன்றிக்கு இதயமும் நுரையீரலும் இன்னும் கீழே, இன்னும் முன்னால் இருக்கும். பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலை ஒட்டி, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் குறி வையுங்கள். வயதான ஆண் பன்றிக்குத் தோளில் கேடயம் போல் தடித்த குருத்துத்தோல் இருக்கும், சிறிய தோட்டா அதில் திணறும். காதுக்குப் பின்னால் சுடுவது வெட்டு ஒன்று துண்டு ரெண்டு, ஆனால் அந்தத் தலை ஒரு நொடி சும்மா நிற்காது, பழகியவர்களுக்கு விட்டுவிடுங்கள். கூட்டத்தில் முப்பது நாற்பது கிலோ இருக்கும் இளம் பெண் பன்றியாகப் பாருங்கள். கறிக்கு அதுதான், கிழட்டு ஆண் பன்றியின் கவிச்சி எந்த மசாலாவுக்கும் அடங்காது.

ராத்திரியில் தெர்மல் ஸ்கோப்பில் கறுப்புக் கன்றுக்குட்டியும் பன்றியும் வெள்ளை உருவமாகத்தான் தெரியும். நடையையும் வாலையும் பார்த்து, கூட இருப்பவரும் பன்றிதான் என்று சொன்ன பிறகே விரலை டிரிகருக்குக் கொண்டுபோங்கள். பன்றிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும், ரைஃபிள் தோட்டா ஒரு மைலுக்கு மேல் போகும். அடிபட்டது புதருக்குள் ஓடினால் உடனே பின்னால் பாயாதீர்கள். அரைமணி பொறுத்து, இன்னொருவரோடு, நல்ல டார்ச்சோடு ரத்தத் தடம் பார்த்துப் போங்கள். காயம்பட்ட பன்றி திரும்பினால் அதன் கோரைப்பல் உயரம் உங்கள் தொடை.

விழுந்த பிறகுதான் நிஜமான வேலை. நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடவே தொடாதீர்கள், கையில் கீறல் இருந்தால் இரட்டையாகப் போடுங்கள். புரூசெல்லோசிஸ் என்ற நோய் ரத்தம், உறுப்புகள் வழியாக மனிதருக்குத் தொற்றும், காய்ச்சல் மாதக்கணக்கில் விட்டு விட்டு வரும். வயிற்றைக் கீறும்போது கத்தியின் கூர்ப்பக்கம் மேலே பார்க்கட்டும், இரண்டு விரலால் தோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே போனால் குடலில் பொத்தல் விழாது. பொத்தல் விழுந்தால் அந்தப் பக்கக் கறியை வெட்டி எறிந்துவிடுங்கள், கழுவிச் சரிசெய்யும் வேலை வேண்டாம். தோலுரித்துத் தொடை, தோள், முதுகுச்சதை என்று பிரித்து ஐஸ் பெட்டியில் அடுக்குங்கள். முக்கியமாக, பெட்டியின் அடி அடைப்பைத் திறந்து வைத்து, உருகும் தண்ணீர் வடிய விடுங்கள், தண்ணீரில் ஊறிய கறி வெளுத்துச் சப்பென்றாகிவிடும். வழியில் ஐஸ் கிடைக்கும் என்று நம்பாமல் தேவைப்படுவதாக நினைப்பதைப் போல இரண்டு மடங்கு வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

சமையலில் பிங்க் நிறமெல்லாம் ஆகாது, உள்ளே 71 டிகிரி செல்சியஸ் தாண்ட வேண்டும். ஃபிரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்பதும் தப்பு, புரூசெல்லோசிஸைக் கொண்டுவரும் புரூசெல்லா கிருமி சாகாது. நல்லவேளை, நம் சமையலுக்கு இது ஒத்துவரும்: குக்கரில் இஞ்சி பூண்டோடு நன்றாக வேகவைத்து, சின்ன வெங்காயமும் நிறைய மிளகும் போட்டு இரும்புச் சட்டியில் சுண்ட வறுத்தால் போதும். கடைப் பன்றியைப் போல் கொழுப்பு இருக்காது, எண்ணெய் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றலாம். வெட்டிய பலகை, கத்தி, ஸிங்க் எல்லாவற்றையும் பிளீச் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் நாய் இருந்தால் பச்சைக் கறித்துண்டு ஒன்றுகூடப் போடாதீர்கள், இந்தப் பன்றிகளிடம் இருக்கும் சூடோரேபிஸ் வைரஸ் நாய்க்கு வந்தால் பிழைக்காது.